எரி கடந்தா, ஏரி கடந்தா? கற்பனை நாட்டுக்கு ஒரு புலவரை உண்டாக்குவது

தமிழ் ஃபேண்டஸி கதைகளில் புலவருக்கு ஒரே வேலைதான். வெள்ளைத் தாடியோடு குகையில் இருப்பார், நாயகனிடம் ஒரு மறைபொருள் சொல்வார், மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போவார். அவர் எழுதிய நூல் மட்டும் ஒரு பொட்டுச் சேதமில்லாமல், எல்லாருக்கும் புரிகிற தமிழில், கதை முடிகிறவரை பையிலேயே கிடக்கும். திருநெல்வேலிச் சீமையில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதுவது அநியாயம். படிப்பு எப்படிக் கைமாறும், எங்கே தொலையும், தொலைந்தபின் அதன் பேரில் யார் யார் பிழைப்பார்கள் என்பதற்கு இந்த ஊர்களைவிட நல்ல பாடம் எங்கும் கிடையாது.

புலவரை அவர் பிறந்த நாளிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். அவர் செத்து இருநூறு வருஷம் கழித்து என்ன மிச்சம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எத்தனை ஏடு, யார் வீட்டுப் பரணில், எந்தப் பக்கம் செல்லரித்தது, அதை வைத்து யாருக்கும் யாருக்கும் வழக்கு. அங்கிருந்து பின்னோக்கி வந்தால் வாழ்க்கை தானாக அமையும்.

பொதிகை மலைக்காரர் அகத்தியரே இதற்குச் சாட்சி. அகத்தியம் என்ற இலக்கண நூல் முழுசாக இல்லை. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டிய சில சூத்திரங்கள்தான் மிச்சம். பன்னிரண்டு மாணவர்கள், அவர்களில் தொல்காப்பியர் ஒருவர் என்பது மரபு. அந்த நூல் போனபிறகும் வைத்தியம், சோதிடம், மாந்திரீகம் என்று அகத்தியர் பேரில் நூல்கள் பெருகிக்கொண்டே வந்தன. பெயர் மலைபோல் நிற்கிறது, சொந்த எழுத்து கையளவுகூட இல்லை. கற்பனைப் புலவருக்கும் இந்த விகிதத்தை வைத்தால் நம்பும்படி இருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரைப் புனைந்துகொள்வோம். பெயர் ஏடகனார். நாடு, எட்டணை நாடு. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு இருப்பதுபோல அந்த ஆற்றிலும் எட்டு. ஒவ்வொரு அணையிலும் ஓர் அணங்கு குடியிருக்கிறது. எந்த நாளில் எந்த மடையைத் திறக்கலாம் என்பது அவளோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஏடகனார் அந்த ஒப்பந்தங்களை நானூறு வெண்பாவில் எழுதி வைத்தார். நீர்நூல். மந்திரம் இவ்வளவு போதும். மிச்சமெல்லாம் ஓலையும் நெல்லும்தான்.

முதலில் ஓலை. நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். பனையோலையில் குருத்தும் ஆகாது, முற்றியதும் ஆகாது. குருத்து காயும்போது சுருங்கும், எழுத்தாணி பட்டால் பொத்துக்கொள்ளும். முற்றிய ஓலையில் நரம்பு தடித்து முனை வழுக்கும். இரண்டுக்கும் நடுப்பட்டதை வெட்டி, ஈர்க்கைக் கிழித்து, நிழலில் காயப்போட வேண்டும். வெயிலில் போட்டால் சுருண்டு மொறுமொறுத்துவிடும். பிறகு வெந்நீரில் மஞ்சள் சேர்த்து வேகவைத்து, மறுபடி உலர்த்தி, சங்காலோ வழுவழுப்பான கல்லாலோ தேய்த்து, பாரம் வைத்துத் தட்டையாக்கி, ஒரே அளவாக நறுக்குவார்கள். அகலம் 3 முதல் 4 சென்டிமீட்டர் வரும். நீளம் ஆளுக்கு ஆள் மாறும். 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கையாளச் சுலபம்.

துளை இரண்டு. ஒன்றில் கயிறு ஓடும், இன்னொன்றில் நாராசம் என்கிற கம்பி நிற்கும். மேலும் கீழும் மரச்சட்டம். கயிறு உருவிக்கொள்ளாமல் இருக்க அதன் நுனியில் ஓலைத்துண்டு ஒன்றைக் கிளி அலகுபோல நறுக்கிக் கோத்திருப்பார்கள். அதற்குப் பேரே கிளிமூக்கு. கதையில் ஒரு திருடன் ஏட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பழையபடி கட்டி வைக்கிறான் என்று வையுங்கள். கிளிமூக்கு திரும்பியிருப்பதைக் கண்டு வீட்டுக்காரி பிடித்துவிடலாம். இப்படி ஒரு சாமான் கையில் இருக்க, "தூசி படிந்த பழைய நூல்" என்று ஒரு வரியில் ஏன் கடக்க வேண்டும்?

எழுத்தாணியிலும் வகை உண்டு. தொடக்கக்காரனுக்குக் கொண்டை கனத்த குண்டெழுத்தாணி, தேர்ந்தவனுக்கு வாரெழுத்தாணி, வழிப்போக்கனுக்குக் கத்தியோடு மடங்கும் மடக்கெழுத்தாணி. இடது கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து அதில் ஒரு பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அந்தப் பள்ளத்தில் சார்த்தி எழுதுவார்கள். எழுத்தாணி அதிகம் நகராது, ஓலைதான் நகரும். ஆகவே ஏடகனாரின் மாணவனை அடையாளம் காட்ட மச்சமோ மோதிரமோ வேண்டாம், அந்த நகம் போதும். படுக்கைக் கோட்டை அழுத்தி இழுத்தால் நரம்போடு ஓடி ஓலை கிழியும். உங்கள் உலகத்துக்கு எழுத்து வடிவம் வரைகிறீர்கள் என்றால் நீட்டுக் கோடுகளைக் குறைத்து வளைவாக வரையுங்கள். கீறி முடித்தபின் விளக்குக் கரியைக் கோவையிலைச் சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். தடவாத ஏட்டைச் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடியும். இரவில் ஒற்றை விளக்கில் ஒருவன் படிக்கிறான் என்றால் விளக்கை நேரே வைக்கக்கூடாது, பக்கவாட்டில் வைக்க வேண்டும்.

எவ்வளவு ஓலை செல்லும்? பக்கத்துக்கு ஆறு வரி, இரண்டு பக்கமும் பன்னிரண்டு. ஒரு வெண்பாவுக்கு ஒன்றேகால் வரி என்று வைத்தால் நானூறு வெண்பா ஐந்நூறு வரி, ஏறக்குறைய நாற்பத்திரண்டு ஓலை. மூலம் ஒரு கைக்குள் அடங்கிவிடும். உரை எழுதப்போனால் பத்து மடங்கு ஆகும். ஒரே கட்டாகக் கட்டினால் புரட்ட வராது, கயிறு அறுக்கும், எனவே இரண்டு மூன்று கட்டாகப் பிரிப்பார்கள். பிரித்த கட்டுகள் பாகப்பிரிவினையில் வேறு வேறு அண்ணன் தம்பி வீட்டுக்குப் போகும். ஒருவரிடம் முன்பாதி, ஒருவரிடம் பின்பாதி, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இதற்குமேல் கதைக்கு வில்லன் தேவையா என்ன?

ஓலை எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும். பனை நெருக்கமாக நிற்பது தெற்கே தேரிக்காட்டுச் செம்மணலில். உடன்குடிப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிப்பு ஆற்றங்கரையில், படிப்புக்கான ஓலை பனையேறியின் கையில். தேரிக்காரர்கள் ஓலை தர மாட்டோம் என்று ஒரு வருஷம் நின்றால் எட்டணை நாட்டில் ஒரு சீட்டுக்கூட எழுத முடியாது. அவர்களுக்குக் கடைமடைத் தண்ணீர் வராத கோபம் இருந்திருக்கும். நீர்நூலுக்கு ஓலை தந்தவனுக்கு நீர்நூலால் பயன் இல்லை என்பதை ஏடகனார் எப்போது உணர்ந்தார் என்று யோசித்தால் அவருக்கு ஒரு மனசாட்சி கிடைக்கும்.

இனி தலைப்புக்கு வருவோம். ஓலையில் பொதுவாகப் புள்ளி வைக்க மாட்டார்கள், வைத்தால் ஓட்டை விழும். அதனால் க, க் இரண்டும் ஒன்றுபோல நிற்கும். பழைய வழக்கில் எகர, ஒகரக் குறில்களுக்குத்தான் புள்ளி. அது போனால் எகரமும் ஏகாரமும் ஒன்று, ஒகரமும் ஓகாரமும் ஒன்று. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் குறில் நெடிலுக்கு வேறு வேறு வடிவம் கொடுத்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். துணைக்காலும் ரகரமும்கூட ஒரே வடிவம்தான்: மாலையா மரலையா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நீர்நூலில் ஒரு வெண்பா, எட்டாம் அணை மடையை எப்போது திறப்பது என்று சொல்கிறது. ஓலையில் இருப்பதை "எரி கடந்தபின்" என்றும் படிக்கலாம், "ஏரி கடந்தபின்" என்றும் படிக்கலாம். மேலணைக்காரர்கள் எரி என்கிறார்கள்: பூக்குழி இறங்கி முடித்தபின்தான் மடை திறக்கும். கீழணைக்காரர்கள் ஏரி என்கிறார்கள்: தண்ணீர் ஏரியை நிறைத்துத் தாண்டியதும் திறந்துவிட வேண்டும், திருவிழாவுக்குக் காத்திருந்தால் பயிர் கருகும். இரு பக்கமும் ஆதாரம் இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் முட்டாளாக இருந்தால் சப்பென்று போகும். மேலணைக்காரர் கேட்பார்: "ஏன் வே, நம்ம பக்கம் குளம்னுதான சொல்லுவோம், ஏரின்னு எவன் சொன்னான்?" நல்ல கேள்வி. இந்தச் சீமையில் குளம்தான். கீழணைக்காரர் பதில் வைத்திருப்பார்: "அவுஹ படிச்சது வடக்க, அண்ணாச்சி." புலவர் இளமையில் எங்கே படித்தார் என்ற வாழ்க்கைக் குறிப்பு இப்படித் தண்ணீர்ச் சண்டையிலிருந்து பிறக்க வேண்டும். அத்தியாயத் தொடக்கத்தில் பயோடேட்டா போல ஒட்டக்கூடாது.

பிழை எப்படிப் பரவுகிறது என்பதற்கு ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். மூல ஏடு மேலே. அதைப் பார்த்து எழுதிய இரண்டு படிகள் அடுத்த வரிசையில். ஒவ்வொரு படியும் மேலே உள்ளதன் பிழையை அப்படியே சுமக்கும், கூடவே தன் பிழை ஒன்றிரண்டைச் சேர்க்கும். அடுத்தடுத்த இரண்டு பாட்டு ஒரே சொல்லில் தொடங்கினால் கண் தாவி ஒன்று விட்டுப்போகும். கயிறு அறுந்தால் ஓலை இடம் மாறும். இடது ஓரத்து எண் அழிந்திருந்தால் யாரோ ஒருவர் குத்துமதிப்பாக அடுக்குவார். பாட்டும் உரையும் வரி பிரிக்காமல் தொடர்ந்து ஓடுவதால் உரையாசிரியரின் சொல் ஒன்று பாட்டுக்குள் ஏறிவிடும். ஒரே பிழை இரண்டு ஊர் ஏட்டில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே தாய். எட்டணை நாட்டில் படிகள் கால்வாய் வழியே, ஒரே மடைக்காரர்களின் சம்பந்த வீடுகளுக்குள்ளேயே போயிருக்கும். ஆகவே பிழை வரைபடமும் வாய்க்கால் வரைபடமும் ஏறக்குறைய பொருந்திவரும். பொருந்தாத ஒரு படி வந்தால் அங்கே ஒரு கலப்பு மணமோ ஒரு திருட்டோ நடந்திருக்கிறது.

மாணவர் பரம்பரையைச் சுருக்கமாக வையுங்கள், ஆனால் பெயரோடு வையுங்கள். இறையனார் களவியல் உரை, தான் நக்கீரர் தொடங்கி முசிரி நீலகண்டனார் வரை வாய்வழியாகவே கைமாறிய கதையைச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஊர்ப்பேர் ஒட்டிய ஆசிரியர்கள் வரிசையாக வருவார்கள். பாதிப் பேரைப் பற்றி வேறெதுவும் நமக்குத் தெரியாது, ஆனாலும் நம்பத் தோன்றுகிறது. காரணம் அந்த ஊர்ப்பேர்தான்.

புலவர் சோற்றுக்கு என்ன செய்தார்? ஜமீன் ஆதரவு ஒரு வழி. ஊற்றுமலை இருதாலய மருதப்பத் தேவரிடம் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இருந்ததுபோல, எட்டயபுரத்தில் புலவர்கள் இருந்ததுபோல. ஆதரவு தந்த ஜமீன்தாருக்குப் பிடிக்காததை எழுத முடியாது என்பது அதன் விலை. மடம் இன்னொரு வழி, அங்கே சமயம் கையைக் கட்டும். திண்ணைப் பள்ளி, கோயிலில் புராணம் வாசித்தல், ஏடு பெயர்த்தெழுதுதல், நாள் பார்த்தல், வைத்தியம் என்று சில்லறை வரும்படியும் உண்டு. மானிய நிலம் இருந்தால் அதை ஏக்கரில் சொல்லாதீர்கள். இத்தனை கோட்டை விதைப்பாடு என்று, அதாவது எத்தனை கோட்டை நெல் விதைக்கலாமோ அந்தக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். இங்கே இரண்டு போகம்: கார், பிசானம். மாணவர் காணிக்கையும் கோயில் படியும் அறுப்பு முடிந்துதான் வரும். பிசானம் பொய்த்த வருஷத்தில் எழுதிய வெண்பாக்களில் யாரைப் புகழ்ந்திருக்கிறார் என்று பாருங்கள் என்று ஒரு பாத்திரம் கேலி செய்தால், புலவரின் முதுகெலும்பு எவ்வளவு வளைந்தது என்பது வாசகருக்கு விளங்கிவிடும்.

காலக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. ஏட்டின் கடைசியில் "அரி நன்றாக, குரு வாழ்க, குருவே துணை" என்பதுபோல ஒரு முடிப்பு வரும், எழுதிய வருஷம் மாதம் தேதியும் வரும். வருஷப் பேர் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும். 'விளம்பி வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருந்தால் அது தாத்தாவா பேரனா என்று தெரியாது. திருநெல்வேலிப் பக்கம் கொல்லம் ஆண்டும் எழுதுவார்கள், அதனால் பிழைத்தோம்: கொல்லம் 1000 என்றால் 1824-25. உங்கள் நாட்டுக்கும் சுழலும் ஆண்டு ஒன்று, ஓடும் ஆண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முக்கிய ஏட்டில் ஓடும் ஆண்டு இருந்த மூலையைப் பூச்சி தின்றிருக்கட்டும். எழுத்தும் மாறலாம். பாண்டிய நாட்டில் கல்வெட்டு வட்டெழுத்தில் இருந்தது. சோழர் வந்தபின் 11-ஆம் நூற்றாண்டில் தமிழ் எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. ஆட்சி மாறி எழுத்து மாறினால் புத்தகத்தை யாரும் எரிக்க வேண்டாம், இரண்டு தலைமுறையில் தானாக ஊமையாகிவிடும்.

அழிவைப் பற்றி. பகைவன் நூலகத்தைக் கொளுத்துவது எல்லாரும் எழுதியாயிற்று. இங்கே ஏடு போனதெல்லாம் பக்தியாலும் அசட்டையாலும்தான். கறையானும் இராமபாணப் பூச்சியும் ஒரு பக்கம். அதற்கு வேப்பிலையும் வசம்பும் வைப்பார்கள், இன்றைய சுவடி நிலையங்களில் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுகிறார்கள். ஆனால் நைந்த ஏட்டை ஆடிப் பெருக்கில் ஆற்றில் விடுவது புண்ணியம் என்று நினைத்தவர்களை எந்த எண்ணெய் தடுக்கும்? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைத் தேடிப் பதிப்பாசிரியர் உ.வே.சா. போனபோது, பழுதான ஏட்டை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இடுவது ஆகம முறை என்று எல்லாம் எரிந்து போயிருந்தது. அதே மனிதர் பத்துப்பாட்டுக்காக ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளில் தேடினார். அவருக்கு வேண்டிய சுவடி அங்கே ஒரு கவிராயரின் மாமனார் வீட்டில் இருந்தது. 1889-இல் நூல் அச்சேறியது. ஆக, தேடுகிறவன் குகைக்குப் போகக்கூடாது, சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும். குகை ஈரத்தில் ஓலை தாங்கவும் தாங்காது.

இரவல் இன்னொரு எமன். ஏடகனாரின் பேரன் மனைவியிடம் ஓர் இளைஞன் கேட்கிறான்:

"ஆச்சி, ரெண்டே நாளு குடுங்க, பெயர்த்து எழுதிட்டுத் தாரேன்."

"கொண்டு போனவன் எவன்ல திருப்பிக் கொண்டாந்தான்? இங்கன திண்ணையில இருந்து எழுது. சோறு நான் போடுதேன்."

அவள் எழுத்து வாசிக்கத் தெரியாதவளாக இருக்கட்டும். அந்த வீட்டில் ஏடு மிஞ்சியதற்கு அவள்தான் காரணம் என்றும், அவள் மாமியார்தான் முன்பு ஒரு கட்டை ஆற்றில் விட்டவள் என்றும் வைத்தால் கணக்கு நேராகும்.

மந்திரத்தால் ஏட்டைக் காக்காதீர்கள். அணங்கு மடையைத் திறக்கலாம், மூடலாம். பூச்சியை விரட்டக் கூடாது. காப்புமந்திரம் ஒன்று வந்த உடனே பெயர்த்தெழுதும் தேவை போய்விடும், தேவை போனால் பிழை இல்லை, பிழை இல்லாவிட்டால் எட்டாம் அணைச் சண்டையும் இல்லை.

கடைசியாகப் போலிகள். புகழ் பெற்ற புலவர் பேரில் பின்னால் வந்தவர்கள் எழுதுவார்கள், ஏடகனார் வைத்தியம், ஏடகனார் கனாநூல் என்று குறைந்தது இரண்டு நூலாவது வேண்டும். போலியை யார் கண்டுபிடிப்பது என்பதில்தான் சாமர்த்தியம். மிளகாயும் புகையிலையும் நம் நாட்டுக்கு வந்தது போர்த்துக்கீசியர் வந்தபிறகு. சங்ககாலத்துப் பேரில் உள்ள ஒரு வைத்திய ஏடு மிளகாய் அரைக்கச் சொன்னால் அதன் வயசு வெளியாகிவிடும். உங்கள் நாட்டிலும் ஒரு காயையோ விதையையோ தேர்ந்து, அது எந்த வருஷம் எந்தக் கப்பலில் வந்தது என்று முன்பே குறித்து வையுங்கள். ஏடகனார் வைத்தியத்தின் எழுபதாம் பாட்டில் அதைப் போடுங்கள். பண்டிதர்கள் அந்தப் பாட்டுக்கு மூன்று உரை எழுதி முடித்திருக்கட்டும். மடத்துச் சமையல்காரர் ஒருவர் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே பரிமாறும்போது, "இந்தச் சாமான் எங்க தாத்தா காலத்துலதான ஊருக்குள்ள வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போகட்டும்.